ஒரு போத்தல் மட்டும்

காஜா பெராங், மலாக்கா
14.8.1958

அன்புள்ள அத்தானுக்கு, கமலவேணி எழுதுவது. நலம் என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். சாப்பிடுகிறேன், நடமாடுகிறேன். சிங்கப்பூரில் உங்கள் இருமல் நின்றதா?

மூன்று கடிதங்களுக்குப் பதில் போடாததற்குக் கோபம்தான் காரணம். நம் ஜெயாவின் வயிற்றுக் கட்டியை அறுத்தபோது, அதோடு எடுத்த சிறுநீரகத் துண்டை உங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளையைப் புதைத்து நான்கு மாதம் கழித்து, அவளுடைய செல்கள் போத்தல்களில் உயிரோடு பெருகுகின்றன என்று எழுதினீர்கள். கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். மனம் வரவில்லை.

துக்காங் எமாஸ் தெரு விநாயகர் கோயில் குருக்களிடம் திதி கேட்டேன். ஐந்து வயதுப் பிள்ளைக்குத் திதி கிடையாதும்மா என்றுவிட்டார். பெற்றவள் ஒரு பிடி சோறு வைக்க ஒரு நாள்கூட இல்லை. நீங்களோ திங்களும் வியாழனும் அந்தச் செல்களுக்கு ஆகாரநீர் மாற்றுவதாக எழுதியிருந்தீர்கள். அதிலிருந்து திங்களும் வியாழனும் அவள் தட்டில் சோறும் நெத்திலிப் பொரியலும் நானும் வைக்கிறேன். பைத்தியம் என்று சொல்லுங்கள், பரவாயில்லை.

இப்போது அந்தச் செல்களில் இளம்பிள்ளை வாதக் கிருமியை விட்டு வளர்க்க வேண்டும், தடுப்பூசி செய்ய அது உதவும், ஆனால் கிருமி ஏறினால் செல்கள் பிழைக்காது, நீ சம்மதித்தால்தான் தொடுவேன் என்கிறீர்கள். போன வருஷம் மெர்டேக்கா சுதந்திர விழா அன்று உங்கள் தோளைவிட்டு இறங்கமாட்டேன் என்று அழுதவள். ஒரே பிள்ளையை எத்தனை தடவை சாகக் கொடுப்பது, அத்தான்? மாட்டேன் என்று எழுதி உறையும் ஒட்டிவிட்டேன்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அஞ்சலை தன் மகள் மீனாச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். ஜெயாவோடு விளையாடிய பிள்ளைதான். காய்ச்சல் விட்டு மூணு நாளாச்சுக்கா, காலை ஊனமாட்டேங்குறா லா, பிடிவாதத்தப் பாருங்க என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் காலைத் தொட்டுப் பார்த்தேன். ஈரத்துணி மாதிரித் தொங்கியது. ஆஸ்பத்திரியில் இளம்பிள்ளை வாதம் என்று சொல்லிவிட்டார்கள். அஞ்சலை இன்னும் அதைப் பிடிவாதம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஒட்டிய உறையைக் கிழித்துப் போட்டேன். சம்மதம், அத்தான். எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கைக்குப் பொய்யாத விநாயகர் துணையிருக்கட்டும். ஒரே ஒரு போத்தலை மட்டும் கிருமி விடாமல் தனியாக வையுங்கள். திங்களும் வியாழனும் நீங்களே ஆகாரநீர் ஊற்றுங்கள், வேறு ஆளிடம் விடாதீர்கள். அதுவும் ஒரு நாள் பெருகாமல் நின்றுபோகும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு எழுத வேண்டாம். நான் பாட்டுக்குத் தட்டு வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஜெயாவின் அம்மா
கமலவேணி