லாஸ் வேகஸில் வெடிக்காத உகுலேலே

மார்ச் 3, செவ்வாய்

காலை 6.10. மழை. ஹவாய்த் தீவில் எங்கள் ஹீலோவில் ஈரப்பதம் 84 சதவீதம். உகுலேலே எண்ணிக்கை: எனக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்றுமில்லை.

கேஹாவ் அக்காவுடையது அவள் குழந்தையின் முதல் பிறந்தநாள் விருந்தன்று போனது. நாலு தந்திக் குட்டி கிட்டார் மாதிரி இருக்கும் அதன் மேல் ராய்டன் மச்சான் உட்கார்ந்துவிட்டார். மெத்தை என்று நினைத்தாராம். அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவள் என்னுடையதைப் பிடுங்கி வாசித்துப் பாடுகிறாள். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்னுடையது பள்ளியில் படிக்கும்போது வாங்கிய பழைய பிளைவுட். ஒரு முறுக்காணி எப்போதும் இறுகிக் கிடக்கும்.

இருபத்தெட்டாம் தேதி அவர்கள் லாஸ் வேகஸுக்குக் குடிபோகிறார்கள். வாடகைக்கு இருந்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். மச்சானின் தம்பி அங்கே அவருக்கு வேலை பிடித்துக் கொடுத்திருக்கிறான். எங்கள் தெருவிலிருந்து போகும் நான்காவது குடும்பம். எல்லோரும் "நல்லது, நல்லது" என்று சொல்லிச் சோறு போடுகிறார்கள். போகாதே என்று யாரும் சொல்வதில்லை. இங்கே அது மரியாதை இல்லை. இருக்க வீடு கொடுக்க முடியாதவன் போகாதே என்று எந்த வாயால் சொல்வான்?

வியாழக்கிழமை ஒன்றாகப் பாடும் எங்கள் கூட்டம் சேர்ந்து அவளுக்கு உகுலேலே வாங்கித் தருவதாக முடிவு. தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில். "எதையும் மூஞ்சிக்கு நேரா சொல்றவன் நீதான். உன்ன யாரும் ஏமாத்த முடியாது" என்றார் கிளிஃபோர்ட் அங்கிள். கூட்டம் நடப்பது அவர் கார் நிறுத்தும் கராஜில். அதனால் அவர் சொன்னால் சொன்னதுதான்.

மார்ச் 5, வியாழன்

அக்கா சமையலறையில் இருந்தபோது கராஜில் விவாதம். ஏழு பேர், ஒன்பது கருத்து.

கிளிஃபோர்ட் அங்கிள்: நம் மலையில் வளர்ந்த கோவா மரம், பிளைவுட் இல்லை, முழுப்பலகை. "வேற எதையாவது தூக்கிட்டு வந்த, அதாலயே உன்ன அடிப்பேன்."

முழுப்பலகை அங்கே காய்ந்து வெடிக்கும் என்றேன். வேகஸ் பாலைவனம். ஈரப்பதம் பதினைந்து சதவீதம். நான் ஏசி மெக்கானிக், காற்றிலிருக்கும் தண்ணீர்தான் என் பிழைப்பு.

"மரத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாதுடா, மகோவா."

மரத்துக்குத்தான் தெரியும். அங்கிளுக்குத்தான் தெரியாது. சொன்னேன். ஒரு நிமிடம் யாரும் சாப்பிடவில்லை.

பிறகு அக்கா வந்தாள், என்னுடையதைப் பிடுங்கினாள், பாடினாள். வழக்கம்போல.

மார்ச் 7, சனி

மெல்வா ஆன்ட்டியின் இசைக்கருவிக் கடை. சின்ன அளவுகளை முதலிலேயே தள்ளிவிட்டேன், அக்காவின் விரல்கள் நீளம். பெரிதான டெனார் அளவில் மட்டும் பார்த்தேன். தந்தியின் உயரத்தை அளந்தேன். கழுத்தில் பன்னிரண்டாவது ஃபிரெட் கம்பியில் சுருதி விலகுகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தேன். பலவற்றில் விலகுகிறது.

"பாட்டு ஒண்ணும் வாசிக்க மாட்டியா?" என்றார் ஆன்ட்டி.

"அளந்துட்டு இருக்கேன் ஆன்ட்டி."

"அது தெரியுது."

மிஞ்சியவை இரண்டு. ஒன்று கோவா: இந்தத் தீவிலேயே செய்தது, முழுப்பலகை, ஒரு தந்தியைத் தொட்டால் அறை நிறைகிறது. இன்னொன்று பிளைவுட்: பாதிச் சத்தம், ஆனால் காயாது, வளையாது. ஆன்ட்டி இரண்டையும் கையில் கொடுத்தார். "ஒரு வாரம் வீட்ல வெச்சு வாசிச்சுப் பாரு. வேண்டாததத் திருப்பிக் கொண்டா."

மார்ச் 8, ஞாயிறு

என் பட்டறையில் பழுதான ஃபிரிட்ஜ் ஒன்று கிடக்கிறது. கதவு இறுக்கமாக மூடும். ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் குழாயை அதற்குள் விட்டேன். ஈரப்பதம் பதினைந்தில் நிற்கிறது. அதுதான் வேகஸ். இரண்டு உகுலேலேக்களையும் உள்ளே தொங்கவிட்டேன்.

ஆன்ட்டி வாசித்துப் பார் என்றுதான் சொன்னார். எங்கே வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

மாற்றமில்லை.

மார்ச் 11, புதன்

கோவா வெடித்தது. தந்திப் பாலத்திலிருந்து கீழ் விளிம்பு வரை, நேர்க்கோடு. நான் சொன்னது சரி.

மார்ச் 12, வியாழன்

நிரூபணத்தைக் கராஜுக்கு எடுத்துப் போனேன். ரகசியமாகக் காட்டுவதாகத்தான் இருந்தது. அக்கா முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தாள்.

கிளிஃபோர்ட் அங்கிள் தொப்பியைக் கழற்றினார். செத்த வீட்டில் கழற்றுவது மாதிரி.

அக்கா வாங்கிப் பார்த்தாள். விரிசல் மேல் விரலை ஓட்டினாள். "எனக்கா இது?"

"உனக்கு வாங்க இருந்தது."

"யாரு உடைச்சா?"

"வேகஸ். அதாவது, ஃபிரிட்ஜ். அங்க போனா இப்படித்தான் ஆகும்."

"எனக்கு அங்க என்ன ஆகும்னு காட்டுறியா?"

"உகுலேலேக்கு என்ன ஆகும்னு காட்டுறேன்."

"எதையும் மூஞ்சிக்கு நேரா சொல்றவனாமே நீ. தினமும் வந்து சதவீதம் சொல்ற. சொல்ல வேண்டியத மட்டும் சொல்ல மாட்டேங்குற."

என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இன்று யாரும் பாடவில்லை. கிளிஃபோர்ட் அங்கிள் ஆரம்பித்தார். அவர் குரல் அப்படி, நாங்கள் தடுத்துவிட்டோம்.

மார்ச் 14, சனி

விரிசலை மெல்வா ஆன்ட்டியிடம் காட்டினேன். எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டார். சொன்னேன்.

"ஃபிரிட்ஜுக்குள்ள."

"ஆமா."

"ஃபிரிட்ஜுக்குள்ள." பிறகு கடையின் கோடியில் நின்ற ஆளைக் கூப்பிட்டார். "இங்க வாங்களேன், இந்தப் பையன் கோவாவ ஃபிரிட்ஜுல வெச்சானாம்."

கோவாவை என் சொந்தச் செலவில் வாங்கிக்கொண்டேன். வேறு வழி? உள்ளே மரத்துண்டு வைத்து ஆன்ட்டி ஒட்டித் தருவாராம், கோடு தெரியுமாம். பிளைவுட்டை அக்காவுக்காக வைத்துக்கொண்டேன்.

சாயந்தரம் மீன் வாங்கப் போனேன். மீன்காரர், "கோவா ஃபிரெஷ்ஷா இருக்கா?" என்றார்.

மார்ச் 19, வியாழன்

அக்கா கராஜுக்கு வரவில்லை. மூட்டை கட்டுகிறாளாம்.

தூக்கம் வரல. போகாதன்னு சொன்னா என்ன ஆகப்போவுது? டிக்கெட் எடுத்தாச்சு. வீட்டக் காலி பண்ணி சாவியக் கொடுக்கணும். மச்சானுக்கு இங்க ரெண்டு வேலை பாத்தும் கட்டுப்படி ஆகல. நான் சொல்லி எது மாறும்? மாறாததச் சொல்றது வேஸ்ட். அதச் சொன்னா அவளுக்கும் கஷ்டம். சரி — அப்போ அந்த ஃபிரிட்ஜ் வேல மட்டும் எதுக்குப் பாத்தேன்? மூணு நாள். வேலைக்கு லீவு வேற.

மார்ச் 21, சனி

அக்கா வீட்டில் பெட்டி கட்ட உதவினேன். அவள் மூடியை அமுக்கினாள், நான் டேப் ஒட்டினேன். மச்சான் குழந்தையோடு வெளியே இருந்தார். ஐந்தாவது பெட்டியிலோ என்னவோ சொன்னேன்.

"போகாத."

அவள் மூடியை விடவில்லை. "இந்தப் பக்கம் இன்னொரு சுத்து ஒட்டு."

ஒட்டினேன்.

"போய்த்தான் ஆகணும்டா."

"தெரியும்."

"இந்த ஒரு வார்த்தைய சொல்ல உனக்கு ஒரு ஃபிரிட்ஜ் தேவைப்பட்டுச்சு."

டேப் தீரும் வரை ஒட்டினோம். தீர்ந்ததும், டேப் வாங்கத் தெரியாதா என்று என்னைத் திட்டினாள். சரியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

மார்ச் 26, வியாழன்

கடைசிக் கராஜ். சோறு, பன்றிக்கறி, மீன், மறுபடி சோறு. புதுப் பிளைவுட்டை மேசையில் வைத்தோம். ஒட்டி வந்த கோவாவையும் பக்கத்தில் வைத்தார் கிளிஃபோர்ட் அங்கிள், விடாப்பிடியாக. நான் எழுந்து பிளைவுட்டின் நன்மைகளைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"இருடா. எது வேணும்னு இதுவரைக்கும் யாராச்சும் என்னக் கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. ஏழு பேரில் ஒருவர்கூட. அளவு, மரம், தந்தி எல்லாம் பேசினோம். அவளைக் கேட்கத் தோன்றவில்லை.

அக்கா புதுப் பிளைவுட்டில் ஒரு பாட்டு வாசித்தாள். கீழே வைத்தாள். கோவாவில் ஒரு பாட்டு வாசித்தாள். ஒட்டிய பிறகும் கராஜ் நிறைந்தது. அங்கிள் என்னைப் பார்த்தார். அதையும் கீழே வைத்தாள். பிறகு கையை நீட்டி, என் மடியிலிருந்த என்னுடையதைப் பிடுங்கினாள்.

"இதுதான்."

"அது பழசு. முறுக்காணி இறுகும்."

"அத எப்படித் திருப்பணும்னு எனக்குத் தெரியும். உனக்கு விரிசல் விட்டது இருக்கில்ல, அத வாசி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யோசித்தேன். பிளைவுட். பதினைந்து சதவீதம் தாங்கும். தொழில்நுட்ப ரீதியாக ஆட்சேபம் சொல்ல ஒன்றும் இல்லை.

"சரி" என்றேன். தண்ணீர் குடிக்கப் போனேன். பன்றிக்கறி காரம்.

மார்ச் 28, சனி

விமான நிலையம். அக்காவுக்குக் காது வரை பூமாலை. தெர்மோகோல் பெட்டி நிறைய உறைந்த மீன். அந்த உகுலேலே அவள் தோளில். மச்சானை உகுலேலேக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார விடாதே, குழந்தையை நடுவில் வை என்றேன். சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. விமானம் நேரத்துக்குக் கிளம்பியது.

உகுலேலே எண்ணிக்கை: அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. வெளியே மழை.

அடுத்துச் செய்ய வேண்டியவை:

1. புதுப் பிளைவுட்டை மெல்வா ஆன்ட்டியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஃபிரிட்ஜ் பேச்சு வந்தால் எதிர்த்துப் பேசக் கூடாது.
2. ஃபிரிட்ஜைப் பழைய இரும்புக்குப் போட வேண்டும்.
3. உகுலேலே உறைக்குள் வைக்கும் ஈரப் பஞ்சு வாங்கி அக்காவுக்கு அனுப்ப வேண்டும். பிளைவுட்டுக்குத் தேவையில்லை. அனுப்ப வேண்டும்.
4. அக்காவின் பாட்டுகளை எல்லாம் இரண்டு சுருதி இறக்கி எழுதிக்கொள்ள வேண்டும். அவள் உயரத்துக்கு என் குரல் எட்டாது.
5. வியாழன், கராஜ். கிளிஃபோர்ட் அங்கிள் ஆரம்பிப்பதற்கு முன் நான் பாட ஆரம்பித்துவிட வேண்டும்.