எதிர் ஜன்னலில் ஒரு முகம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று நானாகத்தான் யூகித்துக்கொள்கிறேன். இரண்டு வரி எழுத உனக்கு எங்கே நேரம்!

எதிர்வீட்டுத் தையல்காரம்மாவை அடித்துப் போட்டவனை அடையாளம் காட்டிவிட்டேன். அது நடந்த அன்று சாயங்காலம் ஜன்னல் சாத்தப் போனபோது அவர்கள் வீட்டு ஜன்னலில் ஒரு ஆள் நின்றான். பார்த்தவள் நான் ஒருத்திதான். ஸ்டேஷனில் ஆறு படம் வைத்தார்கள். நம் தெருவுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவன் அதில் இருந்தான். அவனேதான். பிடித்து உள்ளே வைத்திருக்கிறார்கள். அந்தம்மா இன்னும் கண் திறக்கவில்லை. அடுத்த மாதம் நான் கோர்ட்டில் சொல்ல வேண்டும்.

சிரிக்காதே அக்கா. இருட்டத் தொடங்கினால் அந்த முகம் இன்னும் அங்கேயே நிற்கிறது. நாளுக்கு நாள் தெளிவாகிறது. சாட்சிகளைப் பற்றியே ஆராய்ச்சி செய்பவள் நீ. நான் சொன்னது சரிதானே?

உன் தங்கை

மார்ச் 12

என் செல்லத் தங்கைக்கு,

பயப்படாதே. மாணவர்களுக்குக் குறும்படம் காட்டி, அதில் வந்த திருடனைப் புகைப்படங்களில் தேடச் சொல்வதுதான் என் வேலை. உறுதியாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் சரியாகவே சொல்கிறார்கள். நீ உறுதியாக இருக்கிறாய், அப்புறம் என்ன? வேளைக்குச் சாப்பிடு. ஜன்னலுக்குத் திரை போடு.

அக்கா

மார்ச் 25

தங்கைக்கு,

போன கடிதத்தை நம்பி உட்கார்ந்திருக்காதே.

கல்லூரியில் என் பக்கத்து அறைக்காரரை 'ஊர்சுற்றி' என்று கேலி செய்வேனே, அவர் நிஜ வழக்குகளில் சாட்சிகள் பேசிய ஒலிப்பதிவுகளைக் கேட்பார். சம்பவம் நடந்த இடத்துக்குப் போய் அதே வெளிச்சத்தில் நிற்பார். "இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா?" என்று அவரிடமே கேட்டவள் நான். உன் கதையைச் சொன்னேன். "படத்தைப் பாத்ததும் முதல்ல என்ன சொன்னாங்க?" என்றார். அதை நான் உன்னிடம் கேட்கவே இல்லை.

மாணவர்களின் உறுதியை நான் அந்த நிமிடமே கேட்கிறேன். உன்னுடையதைப் பல நாள் கழித்துக் கேட்டேன். பொருந்தாத கணக்கை உன் தலையில் கட்டிவிட்டேன், வெட்கமாக இருக்கிறது. தினம் பார்க்கிற முகம் சில சமயம் வேறு இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் என்கிறார் ஊர்சுற்றி.

தையல்காரம்மா மகளிடம் சாவி வாங்கி, அதே நேரத்தில் மாப்பிள்ளையை அந்த ஜன்னலில் நிற்கச் சொல். முகம் தெரிகிறதா பார்.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

படத்தைப் பார்த்ததும் நான் சொன்னது, "இவனை எங்கயோ பாத்திருக்கேன்." "நல்லா பாருங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "இவன்தான்" என்றேன். "கரெக்டா சொன்னீங்க" என்று டீ வரவழைத்தார்.

இன்று இவரை எதிர்வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு ஜன்னலில் நின்றேன். முகம் வந்தது. மீசை, நெற்றிச் சுருக்கம், எல்லாம். "உங்க முகம் தெரியல, அவன் முகம்தான் தெரியுது!" என்று கத்தினேன்.

"என்ன உளர்றே? நான் இன்னும் செருப்பைத் தேடிட்டு இருக்கேன்" என்று என் முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது.

பிறகுதான் போய் நின்றார். தலை இருந்த இடத்தில் ஒரு கறுப்பு, அவ்வளவுதான் தெரிந்தது. நாளைக்கே ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன்.

தங்கை

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் அடையாளம் காட்டியவரை விட்டுவிட்டார்கள். இன்று காலை மணி அடித்தது. வாசலில் யாரோ நின்றார். "யாருங்க, என்ன வேணும்?" என்றேன்.

"நான்தாம்மா. தண்ணி கேன்."

அது அந்த முகமே இல்லை, அக்கா. ஜெயிலில் இளைத்திருப்பார் என்கிறார் இவர். இல்லை. வாசலில் நின்றவருடைய முகம், தினம் கேன் வாங்கியும் நான் பார்த்தே இராத முகம். அந்த இன்னொன்று, நான் இதை எழுதும்போதும் எதிர் ஜன்னலில்தான் நிற்கிறது. திரை போட்டாலும் தெரிகிறது.

வருவதாக எழுதியிருந்தாய். கட்டாயம் வா, ஊர்சுற்றியையும் கூட்டி வா. படம் எதுவும் மட்டும் கொண்டு வராதே. பார்த்தால் நான் யாரையாவது அடையாளம் காட்டிவிடுவேன்.

உன் தங்கை