கரகத் தண்ணீர்

தோட்டத்துப் பழைய இரண்டாம் டிவிசன்,
ஈப்போ.
18.3.1984

அன்பு மகன் ஜெயபாலனுக்கு,

உன் அப்பா கார்த்திகேசு தன் கையாலேயே எழுதுவது. எழுதக் கற்றுக்கொண்டுவிட்டேன்; இனிக் கடிதம் எழுதித் தரச் சொல்லி மங்களம் டீச்சரைக் கெஞ்ச வேண்டியதில்லை. ஒரு பக்கம் எழுத ஒரு பகல் போகிறது. இருந்தாலும் பேனாவைப் பிடித்தால் சிரிப்பு வருகிறது. அம்மா நலம். சிவப்பி கன்று போட்டிருக்கிறது.

தண்ணீரைச் சோதிக்கும் உங்கள் பல்கலைக்கழகத்து மெஷினைக் கம்பெனிக்காரர்களும் இப்போது வாடகைக்கு எடுக்கலாம், ஓட்டுவது நீதான் என்று எழுதியிருந்தாய். ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

நம் ஆற்றோரக் கையுறைத் தொழிற்சாலையும் அதை வாடகைக்கு எடுத்திருக்கிறது. போன மாதம் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் கிராணி டொமினிக் பாட்டிலோடு வந்தார். தொழிற்சாலைக் கழிவு ஆற்றில் விழும் குழாயைத் தாண்டி மேற்பக்கமாக நடந்து போய், தீமிதிக்கு நாம் கரகத் தண்ணீர் எடுக்கும் துறையில் மொண்டார். ஏன் அங்கே என்று கேட்டேன். “எல்லாம் ஒரே ஆறுதானே பெரியவரே, மேல என்ன கீழ என்ன லா” என்றார். நாம் குளிப்பது குழாய்க்குக் கீழே. அங்கே தண்ணீர் வெளுத்து, அழுகிய முட்டை மாதிரி நாறுகிறது. பக்கத்து வீட்டு இருளாயியின் மகளுக்கு உடம்பெல்லாம் புண்.

நேற்று கடைச் சுவரில் தமிழில் நோட்டீஸ் ஒட்டினார்கள். “அண்ணே, நீங்கதான் இப்ப படிச்சவராச்சே, வாசிங்க லா” என்று இருளாயி கேலி செய்தாள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஆற்றுத் தண்ணீர் சுத்தம், பல்கலைக்கழகமே சோதித்தது என்று இருந்தது. கடைசி வரியில் சோதித்தவர் பெயர். கண் கூசுகிறது என்று சொல்லி, அதை மட்டும் வாய்விட்டு வாசிக்காமல் நிறுத்திவிட்டேன். சுவரில் நானாக வாசித்த முதல் பெயர் உன் பெயர்.

சுத்தம் என்றதும் இருளாயி தன் மகளை ஆற்றில் குளிப்பாட்டக் கிளம்பினாள். வேண்டாம் என்றேன். “பல்கலைக்கழகத்தவிட நீங்க பெரிய படிப்பா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பாட்டிலில் வந்ததைத்தான் நீ பார்த்திருப்பாய். தெரியும். ஆனால் சாமிக்கு எடுக்கிற தண்ணீரைக் காட்டி நரகலை விற்கிறார்களே, அதற்கு உன் பெயரா? காறித் துப்பத்தான் தோன்றுகிறது.

பஸ் ஏறி வா. குழாய்க்குக் கீழே உன் கையாலேயே மொண்டு போ. அதற்கும் ஒரு நோட்டீஸ் வரட்டும். கடைசி வரி வரைக்கும் நான் சத்தமாக வாசிக்க வேண்டும்.

மாரியம்மன் உன் பெயரைக் காப்பாற்றட்டும்.

உன் அப்பா,
கார்த்திகேசு