மாடி அறையும் சேர்த்து

லோயிஸின் அப்பாவுக்கு,

விவாகரத்து வழக்குக்காக நம் சித்தூர் வீட்டை மதிப்பிட இன்று இன்ஜினியர் வந்தார். மாடி அறை பத்திரத்தில் இல்லாததால் கீழே மட்டும் அளந்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார். நான்தான் மேலே அழைத்துப் போனேன்.

"வீட்ட நீங்க வெச்சிக்கினு அவருக்குப் பாதி பணம் தரணும். இதையும் சேத்தா உங்களுக்குத்தானேம்மா நஷ்டம்?" என்றார்.

"பரவால்ல சார். லீவு நாள்ல அவரே கல்லு சுமந்து கட்டுன ரூமு. சேத்து எழுதிக்குங்க," என்றேன்.

உங்கள் பாதியைத் தர நான் வாங்கும் வங்கிக் கடன் கூடும். என் சம்பளத்தில் கட்டிவிடுவேன். உங்கள் பங்கில் ஒரு செங்கல்கூடக் குறையாது.

உங்களிடமுள்ள சாவியைத் திருப்பதியில் இருக்கும் மகள் லோயிஸிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் சட்டைகளை மடித்து வைத்திருக்கிறேன். எடுக்க வரும்போது கதவைத் தட்டுங்கள், திறக்கிறேன்.

இப்படிக்கு,
லோயிஸின் அம்மா