விட்டு விட்டு வரும் நட்சத்திரம்

வியாசர்பாடி,
14-10-2003

அன்பு மகள் மகிழினிக்கு அம்மா எழுதுவது. ஜெய்பீம். இங்கே அப்பாவும் நானும் சுகம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாய் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். புனே பக்கம் குளிர ஆரம்பித்திருக்கும், வானத்தைப் பார்க்கிற வேலை என்று ஸ்வெட்டர் இல்லாமல் திரியாதே. இங்கே இரண்டு நாளாய் மழை, பேசின் பிரிட்ஜ் பக்கம் முழங்கால் தண்ணீர். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சு வருமா வருமா என்று ஒவ்வொரு போனிலும் கேட்பாய், நானும் வந்துவிடும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்வேன். இப்போது நிஜமாகவே சொல்ல ஒன்று இருக்கிறது கண்ணு.

நீ அனுப்பிய கேசட்டை நானும் பக்கத்து வீட்டு இருதயம்மாளும் போட்டோம். நட்சத்திரத்திலிருந்து வரும் ரேடியோ துடிப்பைச் சத்தமாய் மாற்றியது என்று முதலில் உன் குரல். இளசான நட்சத்திரம் வேகமாய்ச் சுற்றும் என்றாய், அது மோட்டார் மாதிரி கடகடவென்று ஓடியது. வயசாக வயசாகச் சுற்று குறையும் என்றாய், அந்தக் கிழம் டக், டக் என்று நிதானமாய் அடித்துக்கொண்டே வந்து திடீரென்று நின்றுபோயிற்று. டேப் சிக்கிக்கொண்டது என்று நான் அணைக்க எழுந்தேன். அப்பா இடது கையைத் தூக்கித் தடுத்தார். வாயைக் கோணி, கழுத்து நரம்பு புடைக்க, "இரு... வரும்" என்றார். பேச்சு வந்தது மகி. கொஞ்ச நேரத்தில் அந்த டக் சத்தமும் வந்தது. இருதயம்மாள் அந்த நட்சத்திரத்துக்கும் சேர்த்து ஜெபம் பண்ணினாள்.

வயசானதில் சிலது இப்படித்தான் துடிப்பு விட்டுப் போய்த் திரும்ப வரும், நின்றுவிட்டது என்று அவசரப்படக் கூடாது என்று கேசட்டில் பின்னாடி நீயே சொல்கிறாய். ஒருநாள் ஒரேயடியாய் ஓய்ந்துவிடும் என்றும் சொன்னாய், அதை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். அவர் வாயைத் திறப்பதற்குள் தண்ணியா, மாத்திரையா என்று நாங்களே கேட்டுக் கேட்டு மனுஷனைப் பேஜார் பண்ணியிருக்கிறோம். ஹார்பரில் கிரேன் மேலிருந்து ஊரே கேட்கக் கத்தினவர், வெறுத்துப்போய்த்தான் வாயை மூடிக்கொண்டார் போல. இப்போது யாரும் குறுக்கே பேசுவதில்லை, காத்திருக்கிறோம். நேற்று சோற்றைப் பிசைந்துவிட்டு ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். அப்புறம், "மீன் கொயம்புல... உப்பே... இல்ல" என்றார். குறை சொன்னதற்கு உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில். பெற்ற பெண்ணுக்கு நன்றி எழுதுவார்களா தெரியாது, நான் எழுதுகிறேன். உன்கூட வேலை செய்கிறவர்களுக்கும் சொல்.

நீ நூறு வயசு நல்லாயிருக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வை. ஒன்று மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது எடுத்த பக்கம் சத்தமே இல்லை என்றால் லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதே. அப்பாதான். இரு, வரும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ரமாபாய்