சிவப்பைத் தின்ற பிள்ளைகள்

இன்று காலை கரெண்ட் போனது. நான் இப்போது வேலை பார்க்கும் திருப்பதி நர்சரிப் பள்ளியில் ஓர் ஒளி அறை இருக்கிறது. ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. நடுவில், உள்ளே விளக்கு எரியும் கண்ணாடி மேசை. அதன்மேல் பிள்ளைகள் கலர் தகடுகளை அடுக்கி விளையாடும். ஊரில் வேறெங்கும் இல்லாத மேசை என்று சொல்லியே பள்ளியில் இடங்களை நிரப்புகிறார்கள். அது அணைந்ததும் பிள்ளைகள் சிணுங்கின. கைப்பையைத் துழாவினேன். உன் கண்ணாடித் துண்டு விரலில் பட்டது.

வெதுருகுப்பத்துப் பக்கம் நம் அங்கன்வாடி. நான் டீச்சர், நீ சமைத்து, பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட உதவியாளர். என்னைவிட இரண்டே வயது மூத்தவள். ஜன்னல் இல்லாத அந்த அறையில் ஓர் ஓடு உடைந்து, வெயில் தூணாக இறங்கும். ஸ்வீட் டப்பாவைச் சுற்றி வந்த சிவப்புக் கண்ணாடித் தாளை நீ அதன் குறுக்கே பிடித்தாய். பிள்ளைகள் கையை நீட்டின, வயிற்றைக் காட்டின. ஒருத்தி வாயையே திறந்தாள்.

“செவப்ப துன்னுட்டேன்.”

“துன்னு கண்ணு. பருப்பு வர்ற வரைக்கும் அதயாவது துன்னு” என்றாய். அந்த மாதமும் பருப்பு மூட்டை வந்திருக்கவில்லை.

மழையில் அறை ஒழுகியது. மண்டல ஆபீசுக்கு அர்ஜிமேல் அர்ஜி எழுதினேன். பருப்புக்கு அசையாதவர்கள் கூரைக்கு அசைந்தார்கள். புது சிமென்ட் ஷீட், ஓர் ஓட்டைகூட இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நின்றேன். உள்ளே கும்மிருட்டு. பிள்ளைகள் வாசலைத் தாண்டவில்லை.

“மழைய நிறுத்த சொன்னா வெயிலயும் சேத்து நிறுத்திட்டியே டீச்சரு” என்று சிரித்தாய்.

மறுநாள் உன் வீட்டுக்காரரின் சவரக் கண்ணாடியில் உடைந்த துண்டோடு வந்தாய். வாசலில் குத்துக்காலிட்டு வெயிலை உள்ளே திருப்பிவிட்டாய். சூரியன் நகர நகர நீயும் நகர்ந்தாய். உள்ளே நான் தாளைப் பிடித்துக்கொண்டு நிறம் சொல்லிக்கொடுத்தேன். மேற்பார்வைக்கு வந்த அம்மாள் பாராட்டியது என்னை.

அந்த வருஷம் போர்வெல்களில் தண்ணீர் வற்றியது. ஊரில் பாதி பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனது. நீயும் கிளம்பினாய். கண்ணாடியை என்னிடம் நீட்டினாய்.

“வச்சிக்கோ டீச்சரு. அங்க நமக்கு வெயிலுக்கு இன்னா கொற?”

ஏழாவது மாடியில் நீ நின்ற சாரம் சரிந்தது, நீ போய்விட்டாய் என்று சேதி வந்தது. வெளிச்சுவர் முழுக்கக் கண்ணாடி பதிக்கவிருந்த கட்டடமாம். மேஸ்திரியின் நோட்டில் உன் பெயர்கூடச் சரியாக இல்லை.

இன்று கறுப்புத் திரையை ஒரு சாண் ஒதுக்கி, உன் துண்டால் வெயிலைச் சுவரில் ஓடவிட்டேன். பிள்ளைகள் துரத்தின. ஒருவன் வாயைத் திறந்தான். “துன்னு” என்றேன். தெலுங்கும் இங்கிலீஷும் மட்டுமே பேசவேண்டிய பள்ளி அது. மேடம் கதவோரம் நின்று முறைத்தார். முறைக்கட்டும்.

பத்து நிமிடத்தில் தோள் கடுத்தது. நீ தினமும் ஒரு மணி நேரம் பிடித்திருந்தாய். கொடு, கொஞ்சம் நான் பிடிக்கிறேன் என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை. நான் டீச்சர் அல்லவா.

கரெண்ட் வந்தது. கையை இறக்காமல் நின்றேன்.