தேய்ந்துபோன எண்

கார்த்திகை 6, வெள்ளி.

மாமனார் விட்டுப்போன பழைய பட்டாளத் துப்பாக்கியை இவர் இன்றுதான் பன்றி சுடுவதற்கேற்ப மாற்றி முடித்தார். பின்புற மரக்கட்டையைக் குறைத்து, இரும்பையெல்லாம் தேய்த்து மெருகேற்றியிருந்தார். லைசென்ஸைப் புதுப்பிக்க நாளை ஸ்டேஷனில் காட்ட வேண்டும். லைசென்ஸில் உள்ள எண்ணைத் துப்பாக்கியில் தேடினேன்.

"ஏனுங்க, நம்பரைக் காணமுங்களே?"

"துருன்னு நெனச்சு அரம் போட்டுட்டேன். நீதான அம்மிணி, மொகம் தெரியறாப்ல மினுங்கோணும்னே?"

சிரித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எண் இல்லாவிட்டால் அது கள்ளத்துப்பாக்கி. இவரை உள்ளே வைத்துவிடுவார்கள்.

"நம்பரை நாமளே வெட்டிப்போடலாமா?" என்றார். அது இதைவிடப் பெரிய குற்றம் என்று எனக்குத் தெரியும். லைசென்ஸை விரித்தேன். அவர் உளியை வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொன்னேன்.